சலோனன் கையில் ஆர்கெஸ்ட்ரா இருப்பதால்தான் அவர் இசை ஒலிக்கிறதா?

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஃபின்லாந்துக்காரரான எசா-பெக்கா சலோனன் உலகப் புகழ் பெற்ற கண்டக்டர் (கையில் கோலோடு ஆர்கெஸ்ட்ராவை நடத்துபவர்), கூடவே சொந்தமாக இசையும் எழுதுகிறார், பெரிய பெரிய ஆர்கெஸ்ட்ராக்கள் அவர் கையில் இருப்பதால்தானே அவர் எழுதியதெல்லாம் மேடையேறுகிறது, பதவி இல்லாவிட்டால் அவரை யாராவது இசையமைப்பாளர் என்று கண்டுகொள்வார்களா? கொஞ்சம் குத்தலாகக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் நியாயமான கேள்விதான். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பதவி அவருக்கு வாய்ப்பு வாங்கிக் கொடுத்ததா என்பது ஒன்று. அந்த இசைக்குத் தன் காலில் நிற்கும் தெம்பு உண்டா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஆமாம் என்று உடனே சொல்லிவிடலாம். இரண்டாவதற்கும் என் பதில் ஆமாம்தான், ஆனால் அதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். ஏனென்றால் பதவி அவருக்குக் கொடுத்ததை எல்லாரும் பேசுகிறார்கள், பதவி அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டதை யாரும் பேசுவதில்லை.

நான் வயலின் வாசிக்கிறவன். பல வருடங்கள் ஆர்கெஸ்ட்ராக்களில் இரண்டாம் வயலின் வரிசையில், பெரும்பாலும் கடைசி மேசைகளில், உட்கார்ந்திருக்கிறேன். சலோனனுக்குக் கீழே வாசித்ததில்லை. அதனால் தேதி, பதவி, விருது பற்றி நான் சொல்வதெல்லாம் பொதுப் பதிவில் இருப்பவை. இசை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்வது ஸ்கோரை (எல்லா வாத்தியங்களின் இசைக்குறிப்பும் சேர்ந்த புத்தகம்) பார்த்தும் கேட்டும் வந்த என் அபிப்பிராயம். இரண்டையும் பிரித்தே படியுங்கள்.

முதலில் ஒரு விஷயத்தை நேராக்கிவிடுகிறேன். கண்டக்டராக இருந்தவர் பிறகு ஆசைப்பட்டு இசையமைக்க வந்தார் என்பது போலத்தான் பலரும் நினைக்கிறார்கள். நடந்தது தலைகீழ். 1958ல் ஹெல்சிங்கியில் பிறந்தவர், அங்குள்ள சிபேலியஸ் அகாடமி என்ற இசைக் கல்லூரியில் பிரெஞ்சு ஹார்ன் வாசிக்கவும் இசையமைக்கவும் படித்தார். இசையமைப்பில் அவருடைய ஆசிரியர் ரவுத்தவாரா. பிறகு இத்தாலிக்குப் போய் டோனடோனியிடமும் காஸ்திலியோனியிடமும் படித்தார். இதற்கிடையில் 1977ல் ஹெல்சிங்கியில் சில மாணவர்கள் சேர்ந்து 'கோர்வட் அவுகி' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள், காதுகளைத் திற என்று அர்த்தம். ஃபின்லாந்தின் கச்சேரி வாழ்க்கை பழைய பாணியிலேயே தேங்கிக் கிடக்கிறது என்ற கோபம் அவர்களுக்கு. அதில் இருந்தவர்களைப் பாருங்கள்: கையா சாரியாஹோ, மாக்னஸ் லிண்ட்பெர்க், சலோனன், ஈரோ ஹமீனியெமி. கடைசிப் பெயர் நமக்குக் கொஞ்சம் நெருக்கமானது. ஹமீனியெமி பிற்பாடு கர்நாடக இசையில் மூழ்கி, தமிழ் கற்று, சங்கப் பாடல்களை ஃபின்னிஷ் மொழிக்குக் கொண்டுபோனவர்; பாம்பே ஜெயஸ்ரீ பாடுவதற்கென்றே ஆர்கெஸ்ட்ராவோடு சேர்த்து எழுதியிருக்கிறார். அது தனிக் கதை, இன்னொரு நாள் பேசலாம்.

இந்தக் குழுவில் எல்லாரும் எழுதினார்கள், ஆனால் எழுதியதை நடத்த ஆள் வேண்டுமே? இருபது வயதுப் பையன்கள் எழுதிய சிக்கலான இசையை எந்தப் பெரிய கண்டக்டரும் தொடமாட்டார். அப்படித்தான் சலோனன் கண்டக்டிங் கற்க ஜோர்மா பானுலாவின் வகுப்புக்குப் போனார். பானுலா ஒரு விசித்திரமான வாத்தியார், அதிகம் பேசமாட்டார். மாணவனை நிஜ ஆர்கெஸ்ட்ராவுக்கு முன்னால் நிறுத்தி, வீடியோ எடுத்து, பிறகு அதைப் போட்டுப் பார்க்க வைப்பார். ஓஸ்மோ வான்ஸ்கா, சகாரி ஓரமோ, யுக்கா-பெக்கா சராஸ்டே, இப்போது கிளாவுஸ் மாக்கெலா என்று அந்தச் சின்ன நாட்டிலிருந்து இத்தனை கண்டக்டர்கள் வந்ததற்கு அவர் ஒரு முக்கியக் காரணம். லிண்ட்பெர்க்கோடு 'தொய்மீ' என்ற பரிசோதனைக் குழு, 1983ல் சராஸ்டேயோடு 'அவந்தி' என்ற சேம்பர் (சிறிய) ஆர்கெஸ்ட்ரா, இதெல்லாம் அந்தக் காலத்து வேலைகள். ஆக, கண்டக்ட் செய்வது அவருக்கு ஒரு கைவேலையாகத்தான் தொடங்கியது, தங்கள் இசை காதில் விழவேண்டும் என்பதற்காக.

அதே 1983ல்தான் எல்லாம் மாறியது. லண்டனில் ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா மாலரின் மூன்றாவது சிம்பொனியை வாசிப்பதாக இருந்தது, நடத்த வேண்டிய மைக்கேல் டில்சன் தாமஸால் வர முடியவில்லை. சில நாள் அவகாசத்தில் இருபத்தைந்து வயதுச் சலோனனைக் கூப்பிட்டார்கள். அந்த சிம்பொனி ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் போகும், ஆறு பகுதிகள், பெரிய ஆர்கெஸ்ட்ரா, பெண்கள் கோரஸ், சிறுவர் கோரஸ், தனிக்குரல். அதை அவர் அதற்கு முன் படித்ததே கிடையாது. போய் நடத்தினார், மறுநாளிலிருந்து உலகம் அவரைக் கண்டக்டராக மட்டுமே பார்த்தது. (டில்சன் தாமஸ் பின்னால் இருபத்தைந்து வருடம் சான் ஃபிரான்சிஸ்கோவில் இசை இயக்குநராக இருந்தார், 2020ல் அவருக்கு அடுத்து அந்த நாற்காலிக்கு வந்ததும் சலோனன்தான். இந்தத் துறை அவ்வளவு சின்னது.)

இதற்குப் பிறகு வரும் பத்து வருடங்களைத்தான் உங்கள் கேள்விக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் 1984ல் முதல் கச்சேரி, ஸ்வீடிஷ் வானொலி ஆர்கெஸ்ட்ராவில் தலைமை, ஃபில்ஹார்மோனியாவில் முதன்மை விருந்தினர் கண்டக்டர், 1992ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். இந்தப் பக்கம் பதவிகள் ஏறிக்கொண்டே போக, அந்தப் பக்கம் இசையமைப்பாளர் கிட்டத்தட்ட காணாமல் போகிறார். எண்பதுகளில் போலந்து எழுத்தாளர் ஸ்டானிஸ்வாவ் லெம்மின் வரிகளை வைத்து எழுதிய 'ஃப்ளூஃப்', தனி வாத்தியங்களுக்கான சில துண்டுகள், 1992ல் ஓபோ என்ற ஊது வாத்தியத்துக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கும் 'மிமோ 2', அவ்வளவுதான் சொல்லும்படியாக இருந்தவை. உங்கள் சந்தேகம் சரியாக இருந்தால், கையில் இத்தனை ஆர்கெஸ்ட்ரா வைத்திருந்தவர் அந்த வருடங்களில்தான் எழுதிக் குவித்திருக்க வேண்டும். குவிக்கவில்லை.

ஏன் என்று ஆர்கெஸ்ட்ராவுக்குள் இருந்தவர்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் இசை இயக்குநர் என்றால் வாரத்துக்கு மூன்று நான்கு ஒத்திகை, அப்புறம் கச்சேரிகள், ஆள் தேர்வு, நன்கொடையாளர் விருந்து, அடுத்த இரண்டு மூன்று வருட நிகழ்ச்சித் திட்டம் எல்லாம் அவர் தலையில். மீதி வாரங்களில் வேறு ஊர்களில் விருந்தினராக நடத்த வேண்டும். விமானத்தில் உட்கார்ந்து ஸ்கோர் படிக்கலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் இருபது நிமிட ஆர்கெஸ்ட்ரா இசையை எழுத மாதக்கணக்கில் இடைவெளி இல்லாத காலம் வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை, வாரம் முழுக்கச் சிபேலியஸையோ ஸ்ட்ராவின்ஸ்கியையோ மண்டையில் ஓட்டிக்கொண்டிருப்பவனுக்குத் தன் சொந்த ஸ்வரம் காதில் விழாது. நான் இசையமைப்பாளன் இல்லை, ஆனாலும் ஒரு புரூக்னர் வாரத்துக்குப் பிறகு ஒரு சின்ன கேடென்ஸா (தனி வாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) எழுதப் பார்த்தால்கூட புரூக்னர்தான் வந்து நிற்பார்.

இது சலோனனுக்கு மட்டும் நேர்ந்ததும் இல்லை, அவரைப் போல இசையமைத்துக்கொண்டே கண்டக்டராகவும் இருந்த மற்றவர்களைப் பாருங்கள். மாலர் 1897 முதல் பத்து வருடம் வியன்னா அரசவை ஓபராவை நடத்தினார், அந்த நாட்களில் சீசன் முழுக்க அந்த வேலை, எழுதுவதெல்லாம் கோடை விடுமுறையில் ஏரிக்கரைக் குடிசையில். பெர்ன்ஸ்டைன் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கை ஏற்றது 1958ல், அதற்கு முந்தைய வருடம்தான் பிராட்வேயில் கொடிகட்டிப் பறந்தவர்; 1969 வரை அங்கே இருந்தபோது அவர் எழுதிய பெரிய படைப்புகள் 'கடிஷ்' சிம்பொனியும் 'சிச்செஸ்டர் சாம்ஸ்'உம் மட்டும்தான், இரண்டாவது 1964–65ல் அவர் விடுப்பு எடுத்துக்கொண்டதால் கிடைத்தது. பூலேஸும் எழுபதுகளில் அதே ஆர்கெஸ்ட்ராவைத் தாங்கியபோது இதே கதைதான். இந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் சலோனன் இசையமைப்பாளராகத் திரும்பி வந்ததே ஆச்சரியம்.

திரும்பி வந்த இடம் 1996ல் எழுதிய 'எல்ஏ வேரியேஷன்ஸ்'. 1997 ஜனவரியில் தன் சொந்த ஆர்கெஸ்ட்ராவை வைத்து வாசிக்க வைத்தார், ஆக நீங்கள் சொல்லும் பதவிச் சலுகை இங்கே நிச்சயம் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சலுகையை வைத்து என்ன செய்தார் என்று பாருங்கள். அந்த இசை முழுவதும் இரண்டே கோர்டுகளிலிருந்து (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டம்) கிளம்புகிறது, ஒவ்வொன்றிலும் ஆறு ஸ்வரம், இரண்டையும் சேர்த்தால் பன்னிரண்டு ஸ்வரமும் வந்துவிடும். விளக்கத்தை மட்டும் படித்தால் இது ஐரோப்பிய நவீனவாதிகளின் காகிதக் கணக்கு போலத்தான் இருக்கும். இசையைக் கேட்டால் அப்படி இல்லை, துள்ளுகிறது, தாளம் காலைத் தட்ட வைக்கிறது, பித்தளை வாத்தியங்கள் வெயிலடித்த மாதிரி பளபளக்கின்றன. ஐரோப்பாவில் இளமையில் கற்றுக்கொண்ட தடைகளை, மெலடி கூடாது, சீரான தாளம் கூடாது என்பவற்றை, கலிஃபோர்னியாவுக்கு வந்த பிறகுதான் ஏன் என்று கேட்க ஆரம்பித்ததாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். லாஸ் ஏஞ்சலிஸ் வெயில்தான் மாற்றியது என்று பத்திரிகைகள் எழுதுவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. வெயிலைவிட, ஒரே ஆர்கெஸ்ட்ராவின் முன்னால் வாரா வாரம் நின்று, எது ஒலிக்கிறது எது காகிதத்திலேயே செத்துப் போகிறது என்று கேட்டுக்கொண்டே இருந்தது மாற்றியிருக்கும் என்பது என் ஊகம்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்குத் தெரிந்த பக்கம் இது. கண்டக்ட் செய்து பழகாத இசையமைப்பாளர்களின் புதிய படைப்புகள் எங்கள் மேசைக்கு வரும்போது என்ன பிரச்சினை வரும் தெரியுமா? வயலினில் ம்யூட் (ஒலியைத் தணிக்கும் சின்னக் கருவி) போட நேரமே தராமல் அடுத்த பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) ம்யூட்டோடு வாசி என்று இருக்கும். பக்கம் புரட்டும் இடத்தில் இரண்டு கையும் வேலையாக இருக்கும். டெம்போ (வேகம்) திடீரென்று மாறும், பழைய தாளத்துக்கும் புதியதற்கும் எந்தக் கணக்கும் இருக்காது, ஆளாளுக்கு ஒரு வேகத்தில் போய் விழுவோம். புல்லாங்குழலின் அடி ஸ்தாயியில் ஒரு அழகான வரி இருக்கும், மேலே நான்கு டிராம்போன் உட்கார்ந்திருக்கும். புதிய படைப்புக்குக் கிடைக்கும் ஒத்திகை நேரமோ கொஞ்சம், அதில் பாதி இந்த ஓட்டைகளை அடைக்கவே போய்விடும். சலோனன் ஸ்கோர்களைப் புரட்டினால் இந்த மாதிரி இடங்கள் அபூர்வம். கடினமாக இருக்கும், விரலை ஒடிக்கும், ஆனால் ஒவ்வொரு கடினத்துக்கும் ஒரு பலன் காதில் கிடைக்கும். 2005ல் எழுதிய 'ஹீலிக்ஸ்' ஒரு நல்ல உதாரணம். ஒன்பது நிமிடம், ஆரம்பம் முதல் முடிவு வரை வேகம் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் அதே சமயம் ஸ்வரங்களின் அளவு நீண்டுகொண்டே போவதால் வேகம் கூடுவது முதலில் உறைக்கவே உறைக்காது, பிறகு திடீரென்று தலை சுற்றும். ஒரு ஆர்கெஸ்ட்ராவை வேகமாக்குவது எவ்வளவு வழுக்கல் என்று கையால் உணர்ந்தவர் எழுதிய இசை அது.

'ஹீலிக்ஸை' லண்டனில் கோடைதோறும் நடக்கும் ப்ராம்ஸ் (Proms) இசை விழாவில் முதன்முதலில் நடத்தியவர் வலேரி கெர்கியெவ், சலோனன் இல்லை. 2014ல் சூரிச்சில் 'கரவானே' முதலில் ஒலித்தபோது நடத்தியவர் லியோனல் பிரிங்யே. இதெல்லாம் பதவி இல்லாமலே ஓடுகிறது என்பதற்குச் சாட்சி என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். கெர்கியெவும் சலோனனும் சேர்ந்து பால்டிக் கடல் விழாவைத் தொடங்கியவர்கள், பிரிங்யே லாஸ் ஏஞ்சலிஸில் அவருக்கு உதவிக் கண்டக்டராக இருந்தவர். தொடர்புகள் வேலை செய்கின்றன, இந்தத் துறையில் எல்லாருக்கும் அப்படித்தான். தவிர, பியானோ கான்செர்டோ (கான்செர்டோ என்றால் ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிப்பது; நியூயார்க், 2007), செல்லோ கலைஞர் யோ-யோ மாவுக்காக எழுதிய செல்லோ கான்செர்டோ (சிகாகோ, 2017) போன்ற பெரிய படைப்புகளின் முதல் மேடையில் கோல் அவர் கையில்தான் இருந்தது. எழுதியவரே வந்து நடத்துவார், கூட்டமும் வரும் என்பது எந்த ஆர்கெஸ்ட்ரா மேலாளருக்கும் இனிக்கிற கணக்கு. பெயர் தெரியாத ஒருவர் இதே தரத்தில் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கலாம், அந்த அநியாயத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் வயலின் கான்செர்டோவைப் பற்றி மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. வயலின் கலைஞர் லைலா ஜோசஃபோவிட்ஸுக்காக எழுதியது, 2009 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலிஸை விட்டுப் போகும் தறுவாயில் முதல் முறை வாசிக்கப்பட்டது. நான்கு பகுதிகள். முதல் பகுதி ஏதோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த இசைக்குள் நாம் பாதியில் நுழைந்துவிட்டது போலத் தொடங்கும், வயலின் நிற்கவே நிற்காது. இரண்டாவது கிட்டத்தட்ட அசையாமல் கிடக்கும். மூன்றாவதில் டிரம் செட் உள்ளே வந்து நகரத்துக் கிளப் சத்தம் கேட்கும். கடைசிப் பகுதிக்குப் பெயர் 'அடியூ', பிரியாவிடை. யாரிடமிருந்து பிரிவு என்று பலர் கேட்டார்கள். ஊரை விடுவதும் ஐம்பதைத் தாண்டியதும் இரண்டும் அதில் கலந்திருக்கும் என்றே நான் கேட்கிறேன். இந்தப் படைப்புக்கு 2012ல் கிராவமேயர் விருது கிடைத்தது. அது இசையமைப்புக்கென்று தரப்படும் விருது, முதல் வருடம் வாங்கியவர் லுட்டோஸ்லாவ்ஸ்கி, அதற்கடுத்து லிகெட்டி, பிறகு சாரியாஹோவும் வாங்கியிருக்கிறார். விருது மட்டும் ஆதாரமாகாதுதான். வயலின்காரனாக எனக்குப் படுவது, இதை ஒரு தனிக் கலைஞர் கையில் எடுத்தால் கண்டக்டர் யார் என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. இசை தானே ஓடுகிறது.

பதவியை விட்டபோதெல்லாம், குறைத்துக்கொண்டபோதெல்லாம் எழுத்து கூடியது என்பதும் கவனிக்க வேண்டியது. 2000ல் ஒரு வருடம் விடுப்பு எடுத்து எழுத உட்கார்ந்தார், அடுத்த இரண்டு வருடத்தில் 'ஃபாரின் பாடீஸ்', 'இன்சோம்னியா' என்று பெரிய ஆர்கெஸ்ட்ரா படைப்புகள் வந்தன. 2003ல் கட்டடக்கலைஞர் ஃபிராங்க் கெஹ்ரி வடிவமைத்த டிஸ்னி ஹால், லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கின் புதிய கச்சேரி அரங்கம், திறந்தது, அதை வைத்தே அடுத்த வருடம் 'விங் ஆன் விங்' எழுதினார், அதில் கெஹ்ரியின் பேச்சுக் குரலும் கலிஃபோர்னியக் கடலில் முனகுகிற ஒரு மீனின் ஒலியும் பதிவாக வருகின்றன. ஒரு கட்டடத்துக்கு இசை எழுதும் வாய்ப்பு இசை இயக்குநர் பதவி இல்லாமல் யாருக்கும் கிடைத்திருக்காது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். பதினேழு சீசன் ஆனதும் 2009ல் லாஸ் ஏஞ்சலிஸ் பதவியைக் கண்டக்டர் குஸ்தாவோ டுடமெலிடம் விட்டுவிட்டுப் போனதற்கு அவர் சொன்ன முக்கியக் காரணமே எழுத நேரம் வேண்டும் என்பதுதான். ஆனாலும் லண்டனில் ஃபில்ஹார்மோனியாவை 2021 வரை வைத்திருந்தார், இடையில் சான் ஃபிரான்சிஸ்கோவையும் ஏற்றார். அங்கே முடிந்த விதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்: 2024 மார்ச்சில், நிர்வாகக் குழுவின் எதிர்கால நோக்கமும் தன் நோக்கமும் ஒன்றில்லை என்று வெளிப்படையாகவே சொல்லி, ஒப்பந்தம் முடிந்ததும் 2025ல் விலகினார். வாத்தியக்காரர்கள் அவர் இருக்க வேண்டும் என்று பகிரங்கமாகவே கேட்டார்கள். செலவுக் குறைப்புதான் பின்னணி என்பது எல்லாரும் அறிந்தது, அறைக்குள் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்பதை வெளியிலிருந்து எழுதுகிறவர்களின் கதைகளை நம்பி வாதாட வேண்டாம்.

2026 இலையுதிர் காலத்திலிருந்து மறுபடி லாஸ் ஏஞ்சலிஸ், இந்த முறை இசை இயக்குநராக இல்லாமல் படைப்பாக்க இயக்குநராக. 2027லிருந்து பாரிஸ் ஆர்கெஸ்ட்ராவின் தலைமை. எழுபதை நெருங்கும் வயதில் இரண்டு ஊர். இதில் எழுத நேரம் எங்கே கிடைக்கும் என்று எனக்குக் கவலைதான், ஆனால் 2023ல் ஆர்கனுக்கு ஒரு பெரிய படைப்பு, 2025ல் தன் இளமை வாத்தியமான ஹார்னுக்கு ஒரு கான்செர்டோ என்று எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்.

நீங்களே கேட்டு முடிவு செய்ய வேண்டுமானால் 'ஹீலிக்ஸில்' தொடங்குங்கள், ஒன்பது நிமிடம்தான், பிடிக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. அடுத்து வயலின் கான்செர்டோ, ஹெட்ஃபோனில், இடையில் நிறுத்தாமல். 'எல்ஏ வேரியேஷன்ஸை' மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள், முதல் தடவை சத்தமாகத் தெரியும், இரண்டாம் தடவை அந்த இரண்டு கோர்டுகளும் எங்கெங்கே ஒளிந்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். முடிந்தவரை வேறு கண்டக்டர் நடத்திய பதிவோ நேரடி ஒலிபரப்போ கிடைத்தால் அதையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், உங்கள் கேள்விக்கு அதைவிட நேரான சோதனை கிடையாது.